இத்தாலிக்காரர் 'கே பல்லே'ன்னா என்ன அர்த்தம்?

பல்லாவரம்_லெதர்:
ஷூ அப்பர், அதாவது ஷூவோட மேல்பக்கத் தோல், ஏற்றுமதி பண்ற கம்பெனியில குவாலிட்டி செக்கிங் பாக்குறேன். இத்தாலியில தோலுக்குப் பேர்போன ஆர்ஸிஞ்ஞானோவுலேர்ந்து ஒரு டெக்னீஷியன் வருவார். ஃபினிஷ் சரியில்லைனா தோலை டேபிள்ல வீசிட்டு 'உஃப்பா'ம்பார். ரொம்பக் கடுப்பானா 'கே பல்லே'. இப்போ கட்டிங் பசங்க கரண்ட் போனாலே 'கே பல்லே'ங்கிறானுங்க. அடுத்த மாசம் பையர் மேடம் வர்றாங்க. அவங்க காதுல விழலாமா?

அடையாறு_அக்கா:
முதல்ல அந்தப் பசங்க வாயை அடைங்க தம்பி! நான் டூரின்ல படிச்சவ. என் இத்தாலியன் பாதி ஹாஸ்டல் கிச்சன்ல கத்துக்கிட்டது. உஃப்பா பரவாயில்ல, ஹோம்வொர்க்கைப் பாத்ததும் குழந்தைங்களே சொல்லும். 'கே பல்லே'ன்னா 'சே, என்ன தொல்லைடா'ங்கிற மாதிரி, ஆனா பல்லேன்னா பந்துகள். எந்தப் பந்துன்னு நான் விளக்க மாட்டேன். ஃப்ரெண்ட்ஸுக்குள்ள சர்வசாதாரணம், பையர் முன்னாடி வேண்டவே வேண்டாம். சலிப்பை நாசூக்கா சொல்ல 'கே பார்பா' இருக்கு, பார்பான்னா தாடி. நச்சரிக்கிற ஆளு 'ரோம்பிஸ்காத்தொலே', அதாவது பெட்டி உடைக்கிறவன். இந்தப் பெட்டியும் அந்தப் பந்துக்குப் போட்ட மூடிதான், ஆனா வீட்ல அம்மாவே சொல்லுவாங்க.

இங்கிலீஷ் தெரிஞ்சவங்க வழுக்குற இடம் 'அன்னொயாத்தோ'. அனாய்டு மாதிரி கேட்கும், அர்த்தம் என்னவோ போரடிச்சுப்போனவன்! எரிச்சலுக்கு 'ஃபஸ்தீதியோ'தான். 'மி தா ஃபஸ்தீதியோ', இது எனக்குத் தொந்தரவா இருக்குன்னு மெயில்லயும் எழுதலாம்.

ராயபுரம்_கப்பல்காரன்:
மன்னாஜ்ஜாவை விட்டுட்டீங்களே! நம்ம 'அட சனியனே' மாதிரி. எங்க கப்பல் குக் நேப்பிள்ஸ்காரர். வெங்காயம் கருகினா மன்னாஜ்ஜா, காபி கொட்டினா மன்னாஜ்ஜா. தெற்கத்திச் சொல்லு, இப்போ நாடு முழுக்க ஓடுது. கையையும் கவனிங்க ப்ரோ. அஞ்சு விரலையும் குவிச்சு நெஞ்சுக்கு நேரா மேலும் கீழும் ஆட்டினா, 'உனக்கு என்னதான்யா வேணும்?'

பல்லாவரம்_லெதர்:
அந்தக் கையா! அதைப் பாத்ததும் எங்க கேன்டீன் அண்ணன் 'சாருக்குப் பசி'ன்னு தட்டு எடுக்க ஓடுவாரு. அக்கா, மேடம் போன தடவை போன்ல 'ஸோனோ ஸ்தூஃபா'ன்னாங்க. அது?

அடையாறு_அக்கா:
'எனக்கு வெறுத்துப்போச்சு.' ஆம்பளை சொன்னா ஸ்தூஃபோ. ஸ்தூஃபான்னா குளிர்காய்ற அடுப்பும்தான், அதுல குழம்பாதீங்க. உங்க டேபிள் முன்னாடி அதைச் சொன்னாங்கன்னா பேச்சு கொடுக்காம அந்தத் தோல் லாட்டை எடுத்து உள்ள வெச்சிடுங்க.