படிவத்தில் நிரப்பாமல் விட்ட கட்டங்களை எப்படிக் கையாள்வது?

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரு அல்சூரில் வார இறுதிகளில் நடக்கும் தமிழ் வகுப்புக்காக, பிஎச்பி நிரல்மொழி, மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் கொண்டு ஒரு சேர்க்கைப் படிவம் எழுதியிருக்கிறேன். மின்னஞ்சல் கட்டாயமில்லை, ஆனால் ஒரே முகவரி இருமுறை பதிவாகக் கூடாது என்பதற்காக தரவுத்தள அட்டவணையில் அந்தப் பத்திக்கு யுனிக் நிபந்தனை வைத்திருந்தேன். மின்னஞ்சல் இல்லாத முதல் பெற்றோரின் பதிவு ஏறியது. அடுத்து வந்த பாட்டி ஒருவரின் பதிவு "ஏற்கெனவே உள்ளது" என்று திரும்பிவிட்டது. நிரப்பாத கட்டம் நல் (மதிப்பே இல்லை என்ற குறி) ஆக வராமல் வெற்றுச் சரமாக (எழுத்தே இல்லாத உரையாக) வருவதும், யுனிக் பத்தி நல் மதிப்புகளை எத்தனை வேண்டுமானாலும் ஏற்றாலும் வெற்றுச் சரத்தை ஒருமுறைதான் ஏற்கும் என்பதும் அப்போதுதான் புரிந்தது. பேரனின் பெயரை அவர் அவ்வளவு பொறுமையாகத் தட்டச்சு செய்திருந்தார். எனக்கு மிகவும் வருத்தமாகிவிட்டது.

கட்டம் காலியா என்று பிஎச்பியின் எம்ப்டி செயற்கூறு கொண்டு சோதித்தபோது, உடன்பிறந்தோர் எண்ணிக்கையில் '0' என்று எழுதியவர்களும் எதையும் எழுதாதவர்களாகக் கருதப்பட்டனர். ஆகவே இப்போது டிரிம் செய்து (முன்பின் இடைவெளிகளை நீக்கி), வெற்றுச் சரத்தோடு மூன்று சமக்குறியால் (வகையும் மதிப்பும் ஒத்திருக்கிறதா என்று) ஒப்பிட்டு, நல் ஆக்குகிறேன். இதை எல்லாக் கட்டங்களுக்கும் நுழைவிலேயே ஒரே இடத்தில் செய்வதா, கட்டத்துக்குக் கட்டம் தனியாகச் செய்வதா?

திருத்தப் படிவத்தில் இன்னொரு சிக்கல்: டிக் நீக்கப்பட்ட செக்பாக்ஸ் சர்வருக்கு வருவதே இல்லை. பயனர் டிக்கை நீக்கிவிட்டதையும், அந்தக் கட்டம் படிவத்திலேயே இல்லாததையும் எப்படிப் பிரித்தறிகிறீர்கள்? அதே பெயரில் மறைவான கட்டம் ஒன்றை முன்னால் வைப்பது நம்பகமான வழிதானா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.