போரிமாவின் இடைவெளியும் கோணமும் ஒவ்வொரு இரவும் மாறி வருகின்றன: ஸ்பெக்கிள் முறைக்குப் போகலாமா?

மொட்டைமாடி_வானம் (திண்டுக்கல்)

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 8 அங்குல ஷ்மிட்-கேசக்ரைன் (203 மி.மீ., எஃப் 10), 2 மடங்கு பார்லோ (குவியத் தொலைவைக் கூட்டும் லென்ஸ்), 2.9 மைக்ரான் பிக்சல் உள்ள மோனோ கேமரா, ஜெர்மன் ஈக்வடோரியல் மவுண்ட். கோள்களைப் படம் எடுப்பதோடு நிற்காமல் ஏதாவது அளந்து பார்க்க வேண்டும் என்று ஆசை, அதனால் கன்னி ராசியில் இருக்கும் போரிமா என்ற இரட்டை விண்மீனை (காமா வர்ஜினிஸ்) எடுத்துக்கொண்டேன். சித்திரை நட்சத்திரத்துக்கு வடமேற்கே இருப்பதால் கண்டுபிடிப்பது சுலபம், எங்கள் ஊரில் கிட்டத்தட்ட 78 டிகிரி உயரத்துக்கு ஏறுகிறது, இரண்டு விண்மீன்களும் ஏறக்குறைய ஒரே பிரகாசம்.

10 மில்லி விநாடி வெளிச்சத்தில் வீடியோ எடுத்து, நல்ல ஃபிரேம்களைப் பொறுக்கி அடுக்கி, பிக்சல் எண்ணி, பார்லோவோடு சேர்த்துக் குவியத் தொலைவு 4064 மி.மீ. என்று வைத்துக் கணக்குப் போடுகிறேன். இடைவெளி 3.2-லிருந்து 3.6 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு) வரை அலைகிறது. நிலைக்கோணம் (துணை விண்மீன் எந்தத் திசையில் இருக்கிறது என்று வடக்கிலிருந்து அளக்கும் கோணம்) அதைவிட மோசம், சில இரவுகளில் துணை விண்மீன் வடக்கே இருக்கிறது, சில இரவுகளில் தெற்கே போய்விடுகிறது! சில அடுக்குப் படங்களில் மூன்றாவதாக மங்கலாக ஒரு புள்ளிகூடத் தெரிகிறது. இவ்வளவுக்கும் படம் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, இரண்டும் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன.

இதற்கெல்லாம் காரணம் காற்றுதானா? ஸ்பெக்கிள் இன்டர்ஃபெரோமெட்ரி செய்தால் சரியாகிவிடுமா, இல்லை 8 அங்குலத்தில் அது வீண் வேலையா?

குறிஞ்சி_இரவு

தம்பி, காற்றின் மேல் எல்லாப் பழியையும் போடாதீர்கள். உங்கள் தொலைநோக்கியின் டாஸ் எல்லை (பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய இடைவெளி) 116-ஐ 203-ஆல் வகுத்தால் வரும் 0.57 ஆர்க்செகண்ட். போரிமா அதைப் போல ஆறு மடங்கு விரிந்து கிடக்கிறது. பிரித்துக் காட்டுவதில் உங்கள் கருவிக்கு ஒரு சிரமமும் இல்லை. பிரித்துப் பார்ப்பது வேறு, அளப்பது வேறு. உங்களிடம் இருப்பது நல்ல படம், அதன் மேல் வைத்துப் பார்க்க அளவுகோல் இன்னும் வரவில்லை.

முதலில் அந்த 4064. அது பெட்டியில் அச்சிட்ட எண்களைப் பெருக்கி வந்தது. ஷ்மிட்-கேசக்ரைனில் ஃபோகஸ் குமிழைத் திருப்பினால் முதன்மை ஆடியே முன்னும் பின்னும் நகர்கிறது, அதோடு குவியத் தொலைவும் மாறுகிறது. பார்லோ 2 மடங்கு என்பதும் சென்சார் அதிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதைப் பொறுத்தது, நடுவில் ஒரு ஃபில்டர் சக்கரத்தைச் செருகினாலே பெருக்கம் கூடிவிடும். உங்கள் கணக்குப்படி பிக்சலுக்கு 0.147 ஆர்க்செகண்ட். அதில் 5 சதவீதம் தவறு என்றால் இடைவெளியில் 0.17 போய்விட்டது, உங்கள் அலைச்சலில் கிட்டத்தட்ட பாதி அங்கேயே கணக்காகிவிடுகிறது.

இதற்கு டிரிஃப்ட் எடுங்கள். போரிமாவைச் சட்டத்தின் கிழக்கு விளிம்பில் வைத்து, மவுண்டின் டிராக்கிங்கை நிறுத்திவிட்டு, அது மறு விளிம்பில் வெளியேறும் வரை நேர முத்திரையோடு வீடியோ பிடியுங்கள். வானநடுக்கோட்டில் விண்மீன் விநாடிக்கு 15.04 ஆர்க்செகண்ட் ஓடும், மற்ற இடங்களில் அதை நடுவரை விலக்கத்தின் (வானநடுக்கோட்டிலிருந்து வடக்கிலோ தெற்கிலோ எத்தனை டிகிரி என்பது) கொசைனால் பெருக்க வேண்டும். போரிமாவின் விலக்கம் வெறும் மைனஸ் 1.4 டிகிரி என்பதால் உங்களுக்கு அந்தத் திருத்தம் ஏறக்குறைய இல்லை. உங்கள் சென்சாரின் அகலம் 1900 பிக்சலை ஒட்டி இருந்தால் கடக்க 19 விநாடி ஆகும். ஓடிய பாதைக்கு ஒரு நேர்கோடு பொருத்தினால் கிழக்கு-மேற்கு திசை கிடைக்கும், ஒரு விநாடிக்கு எத்தனை பிக்சல் என்று பார்த்தால் அளவுகோல் கிடைக்கும். இரண்டு முனைகளிலும் காற்று ஒரு ஆர்க்செகண்ட் ஆட்டினால்கூட 280-க்கு 1, அதாவது கோணத்தில் 0.2 டிகிரிதான். சில டிரிஃப்ட்களைச் சராசரி எடுத்தால் அதுவும் குறைந்துவிடும். கேமராவைத் தொட்டாலோ ஃபோகஸை மாற்றினாலோ மறுபடி எடுக்க வேண்டும், அன்றைய டிரிஃப்ட் அன்றைய இரவுக்கு மட்டும்தான்.

அப்புறம் அந்த வடக்கு-தெற்கு விஷயம். ஜெர்மன் மவுண்ட் என்றீர்களே, உச்சிக்கோட்டைத் தாண்டியதும் குழாயை மறுபக்கம் புரட்டுகிறீர்களா? அப்போது படம் 180 டிகிரி சுழலும். சமமில்லாத ஜோடி என்றால் மங்கலான விண்மீன் இடம் மாறியதை உடனே பார்த்திருப்பீர்கள், போரிமாவில் இரண்டும் 3.5 ஒளிப்பொலிவு, கண்ணுக்குப் பிடிபடாது. டிரிஃப்ட் எடுத்தால் விண்மீன் வெளியேறும் பக்கம் மேற்கு, அதில் சந்தேகமே இல்லை. கூடவே டயகனல் ஆடி இருந்தால் கழற்றிவிடுங்கள், அது படத்தை இடவலமாக மாற்றிவிடும்.

வடமீன்

மேலே சொன்னதில் அளவுகோல் பற்றிய எல்லாமும் சரி. ஆனால் மூன்றாவது புள்ளியை யாரும் தொடவில்லையே, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

மென்பொருள் ஒவ்வொரு ஃபிரேமிலும் மிகப் பிரகாசமான பிக்சலைப் பிடித்து அதன் மேல் அடுத்ததை அடுக்குகிறது. இரண்டு விண்மீன்களும் சமம் என்றால் காற்று ஆடும் ஆட்டத்தில் ஒரு ஃபிரேமில் இது பிரகாசம், அடுத்ததில் அது. சில ஃபிரேம்கள் தவறான விண்மீனின் மேல் போய் உட்காரும், எதிர்ப்பக்கத்தில் ஒரு பொய்ப் புள்ளி முளைக்கும். நீங்கள் பார்த்தது அதுதான். நிறம்பிரிகையும் இல்லை, ஒளியியல் கோளாறும் இல்லை. அடுக்கும்போது ஒரு விண்மீனை மட்டும் சின்னச் சதுரத்துக்குள் அடைத்துப் பின்தொடரச் செய்ய முடிந்தால் செய்யுங்கள்.

ஸ்பெக்கிள் முறையில் இந்தத் தலைவலியே கிடையாது, ஏனென்றால் அங்கே அடுக்குவதே இல்லை. 1970-இல் அந்துவான் லபேரி என்ற பிரெஞ்சு வானியலாளர் சொன்ன யோசனை இது. நீண்ட வெளிச்சத்தில் காற்று எல்லாவற்றையும் பூசி மெழுகிவிடுகிறது, ஆனால் சில மில்லி விநாடியில் எடுத்தால் காற்று உறைந்து நிற்கிறது, விண்மீன் ஒரு கொத்துப் புள்ளிகளாகச் சிதறித் தெரிகிறது, அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் தொலைநோக்கியின் விளிம்பு விளைவு எல்லை அளவுக்குச் சிறியது. இரட்டை விண்மீன் என்றால் கொத்தில் உள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் அதே தூரத்தில், அதே திசையில் ஒரு ஜோடிப் புள்ளி இருக்கும். ஆயிரம் ஃபிரேம்களில் கொத்தின் வடிவம் ஆயிரம் விதமாக மாறினாலும் அந்த ஜோடித் தூரம் மாறாது. ஒவ்வொரு ஃபிரேமின் ஃபூரியர் உருமாற்றத்தையும் எடுத்து, அதன் வலுவைச் சராசரி செய்தால் இணைகோடுகள் வரும். கோடுகள் நெருக்கமாக இருந்தால் விண்மீன்கள் விலகி இருக்கின்றன, கோடுகள் அகன்றால் விண்மீன்கள் நெருங்கி இருக்கின்றன. பக்கத்தில் உள்ள ஒற்றை விண்மீன் ஒன்றையும் அதே அமைப்பில் எடுத்து அதன் நிறமாலையால் வகுத்துவிட்டால் காற்றின் பங்கும் தொலைநோக்கியின் பங்கும் பெருமளவு கழன்றுவிடும்.

அதைத் திருப்பி உருமாற்றினால் (இதற்கு ஆட்டோகோரிலேஷன் என்று பெயர்) நடுவில் ஒரு புள்ளி, இரு பக்கமும் ஒவ்வொரு புள்ளி. எது உண்மையான துணை என்று அது சொல்லாது, 180 டிகிரி குழப்பம் அதிலேயே பிறந்தது. பைஸ்பெக்ட்ரம் என்ற இன்னொரு கணக்கில் அலையின் கட்டமும் (ஃபேஸ்) திரும்பக் கிடைப்பதால் அது தீரும், ஆனால் போரிமா மாதிரிச் சமமான ஜோடிக்கு அதுவும் தள்ளாடும். அங்கே வெளியிடப்பட்ட சுற்றுப்பாதைக் கணிப்போடு ஒப்பிட்டு எது ஏ, எது பி என்று முடிவு செய்வதுதான் வழக்கம்.

இலவச மென்பொருளே இருக்கிறது, ரெடக் என்று ஒன்று, ஸ்பெக்கிள் டூல்பாக்ஸ் என்று ஒன்று. 8 அங்குலத்தில் வீண் வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

குறிஞ்சி_இரவு

வீண் என்று நான் சொல்லவில்லை, போரிமாவுக்கு இப்போது அவசியமில்லை என்றுதான் சொல்வேன். காரணம் எண்ணிலேயே இருக்கிறது. மாடியில் சீயிங் (காற்று விண்மீனைப் பூசிக் காட்டும் அகலம்) 2 ஆர்க்செகண்ட் என்றால் ஃபிரைட் நீளம் சுமார் 5 செ.மீ. (அவ்வளவு அகலத்துக்குக் காற்று ஒழுங்காக இருக்கும் என்று அர்த்தம்). 203 மி.மீ. அதைப் போல 4 மடங்கு. டேவிட் ஃபிரைட் 1978-இல் போட்ட கணக்குப்படி விட்டம் அந்த நீளத்தைப் போல 5 மடங்கு என்றால் சுமார் பத்தில் ஒரு ஃபிரேம் மிக நல்லதாக அமையும், 7 மடங்கு என்றால் சுமார் 350-இல் ஒன்று, 10 மடங்கு என்றால் பத்து லட்சத்தில் ஒன்று. காவலூரில் இருக்கும் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியில் நல்ல ஃபிரேமுக்காகக் காத்திருந்து பயனில்லை, அங்கே ஸ்பெக்கிள்தான் வழி, செய்தும் இருக்கிறார்கள். சின்னத் தொலைநோக்கிக்கு நல்ல ஃபிரேம்கள் தாராளமாகவே கிடைக்கும்.

ஒரு ஆர்க்செகண்டை ஒட்டிய ஜோடிகளுக்குப் போகும்போது வடமீன் சொன்ன முறைக்கு மாறுங்கள். கடகத்தில் ஜீட்டா கேன்க்ரி நல்ல பயிற்சி, உள் ஜோடியின் இடைவெளி 1 ஆர்க்செகண்டுக்குக் கொஞ்சம் மேல், சுற்றுக்காலம் சுமார் 60 ஆண்டு, அதனால் சில ஆண்டுகளிலேயே நகர்வது தெரியும்.

மாடி பற்றி ஒன்று. கான்கிரீட் தளம் பகலில் குடித்த வெயிலை நள்ளிரவு வரை கக்கிக்கொண்டே இருக்கும். வெயில் காலத்தில் பொழுது சாயும்போதே தளத்தில் தண்ணீர் ஊற்றிவிட்டு, குழாயையும் வெளியே வைத்துவிட்டு, பத்து மணிக்கு மேல் ஆரம்பியுங்கள்.

பழஞ்சுவடி

இந்த இழையைப் படித்ததும் ஜேக்கப் ஞாபகம்தான் வந்தது. கேப்டன் டபிள்யூ. எஸ். ஜேக்கப், சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வகத்தின் பொறுப்பாளர், இரட்டை விண்மீன் அளப்பதில் கைதேர்ந்தவர். 70 ஒஃபியூக்கி என்ற ஜோடி கணித்த பாதையில் போகவில்லை என்று பார்த்து, அங்கே கண்ணுக்குத் தெரியாத ஒரு கோள் இருக்கலாம் என்று 1855-இல் எழுதினார். இன்னொரு விண்மீனைச் சுற்றும் கோள் பற்றி அளவீட்டை வைத்து எழுந்த மிகப் பழைய அறிவிப்புகளில் ஒன்று, நம்ம நுங்கம்பாக்கத்திலிருந்து போனது! பின்னால் வந்த துல்லியமான அளவீடுகளில் அந்தக் கோள் இல்லை என்று தெரிந்தது. திறமையான கையாக இருந்தாலும் அளவீட்டில் ஒரு பக்கமாகச் சாயும் பிழை ஒளிந்திருந்தால் அது நிஜமான பொருள் போலவே தோற்றம் காட்டும். எத்தனை இரவு சராசரி எடுத்தாலும் அந்தச் சாய்வு குறையாது. இரவுக்கு இரவு வரும் சிதறலை மட்டும் பார்த்து ‘என் பிழை இவ்வளவுதான்’ என்று எழுதிவிடக் கூடாது.

அதற்கும் முன்னால், 1689 டிசம்பரில் புதுச்சேரியில் ஒரு வால்மீனைப் பார்த்துக்கொண்டிருந்த ஜான் ரிஷோ என்ற ஏசு சபைப் பாதிரியார்தான் ஆல்ஃபா சென்டாரி இரட்டை என்று கண்டார். உங்கள் திண்டுக்கல்லிலிருந்தும் அது தெரியும், 19 டிகிரி உயரம்தான் வரும். ஆனால் அங்கே நேராக அளக்கப் போகாதீர்கள். அவ்வளவு தாழ்வில் காற்று ஒளியைப் பட்டகம் போல நிறம் பிரித்து நீட்டிவிடும், அதிலும் அந்த ஜோடியில் ஒன்று மஞ்சள், மற்றது ஆரஞ்சு, இரண்டும் ஒரே அளவில் விலகாது, இடைவெளியே செங்குத்துத் திசையில் பிசகும். குறுகிய பட்டை ஃபில்டர் இல்லாமல் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

மொட்டைமாடி_வானம்

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. எடுத்த கோப்புகளின் நேரத்தைத் திரும்பப் பார்த்தேன், தெற்கே என்று வந்தவை எல்லாம் உச்சிக்கோட்டைத் தாண்டிய பிறகு எடுத்தவைதான். அடுக்குவதை ஒரே விண்மீனில் பூட்டியதும் மூன்றாவது புள்ளியும் போய்விட்டது. இன்னும் இரண்டு கேள்விகள். டிரிஃப்டைத் தவிர அளவுகோலைச் சரிபார்க்க வேறு வழி உண்டா? அப்புறம், விண்மீன்களின் இடங்களைத் துல்லியமாக அளந்த கையா விண்கலம் வந்த பிறகு நாம் அளப்பதால் யாருக்காவது பயன் உண்டா?

வடமீன்

உண்டு. அட்டையில் சம இடைவெளியில் பட்டைகள் வெட்டித் தொலைநோக்கியின் முன் வாயில் மாட்டுங்கள். பட்டையும் இடைவெளியும் சேர்ந்து 20 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஹைட்ரஜன்-ஆல்ஃபா ஃபில்டர் (656.3 நானோமீட்டர்) போட்டு ஒரு பிரகாசமான ஒற்றை விண்மீனைப் பார்த்தால் நடுப் புள்ளிக்கு இரு பக்கமும் சரியாக 6.77 ஆர்க்செகண்டில் துணைப் புள்ளிகள் வரும். அலைநீளத்தை 20 மி.மீ.-ஆல் வகுத்து 206265-ஆல் பெருக்கினால் வருவது அது. இதில் கடிகாரமும் வேண்டாம், பட்டியலும் வேண்டாம், ஒரு ஸ்கேலும் பொறுமையும் போதும். பத்துப் பட்டைகளின் மொத்த நீளத்தை அளந்து பத்தால் வகுங்கள், ஒரு பட்டையை மட்டும் அளக்காதீர்கள். டிரிஃப்டும் இதுவும் அரை சதவீதத்துக்குள் ஒத்துப்போனால் உங்கள் அளவுகோலை நம்பலாம்.

பயன் பற்றி: வாஷிங்டன் இரட்டை விண்மீன் பட்டியலில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஜோடிகள் உள்ளன, சுற்றுப்பாதை கணக்கிடப்பட்டவை அதில் சில ஆயிரம்தான். கையா மிகப் பிரகாசமான விண்மீன்களிலும் அரை ஆர்க்செகண்டை ஒட்டிய நெருக்கத்திலும் திணறியது, 2025-இல் பணியையும் முடித்துக்கொண்டது. மேலும் சுற்றுப்பாதைக்கு வேண்டியது காலம். போரிமா 169 ஆண்டு எடுக்கிறது, 1836-இல் நெருங்கி ஒன்றாய்த் தெரிந்தது, மறுபடி 2005-இல் 0.4 ஆர்க்செகண்ட் வரை நெருங்கியது, இப்போது விலகிப் போய்க்கொண்டிருக்கிறது. எந்த விண்கலமும் அவ்வளவு காலம் உழைக்காது.

அந்தப் பாதையின் அரைப் பெரு அச்சு சுமார் 3.65 ஆர்க்செகண்ட், இடமாறு கோணம் (தூரத்தைக் காட்டும் கோணம்) 0.0856 ஆர்க்செகண்ட். வகுத்தால் 42.6 வானியல் அலகு. அதன் கனத்தை 169-இன் வர்க்கத்தால் வகுத்தால் 2.7, இரண்டு விண்மீன்களும் சேர்ந்து சூரியனைப் போல 2.7 மடங்கு நிறை. அச்சில் 1 சதவீதம் பிசகினால் நிறையில் 3 சதவீதம் பிசகும், அதனால்தான் இந்த அளவுகோல் விஷயத்தில் இவ்வளவு வற்புறுத்துகிறோம்.

எழுதி வைக்கும்போது தேதியைத் தசம ஆண்டாகக் குறியுங்கள், கோணம், இடைவெளி, எத்தனை இரவுகளின் சராசரி, என்ன ஃபில்டர் என்று எல்லாம் போடுங்கள். போரிமாவின் கோணம் இப்போது வடக்கை ஒட்டி இருப்பதால் சராசரி எடுக்கும்போது கவனம்: 359-ஐயும் 1-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் 180 வந்து நிற்கும். ஃபிரேம்களை அழித்துவிடாமல் வைத்திருங்கள், ஜீட்டா கேன்க்ரி எடுத்ததும் இங்கே போடுங்கள், ஆட்டோகோரிலேஷனைச் சேர்ந்து பார்க்கலாம்.