ஜோ ஹிசாய்ஷியை எதிலிருந்து கேட்கத் தொடங்குவது?

வெள்ளவத்தை மழை:
வணக்கம். காலி வீதியில் நான் பஸ்ஸுக்கு நிற்கிற இடத்துக்கு நேர் மேலே, இரண்டாம் மாடியில் ஒரு பியானோ வகுப்பு நடக்கிறது. ஒரு மாதமாக யாரோ ஒரு பிள்ளை அங்கே ஒரே வால்ஸ் துண்டை (மூன்றடித் தாள நடன இசை) வாசிக்கிறது, அதுவும் எப்போதும் ஒரே இடத்தில் தடக்கி நின்று, மறுபடி முதலிலிருந்து. மெட்டு மண்டைக்குள் ஏறிவிட்டது. வந்த பஸ்ஸை விட்டுவிட்டு நின்று கேட்ட நாளும் உண்டு. கடைசியில் வெட்கத்தை விட்டு மேலே போய்க் கேட்டேன். 'ஹவுல்ஸ் மூவிங் காசில்' படத்தில் வருகிற 'மெரி கோ ரவுண்ட் ஒஃப் லைஃப்', இசை ஜோ ஹிசாய்ஷி என்ற ஜப்பானிய இசையமைப்பாளர் என்றார்கள்.

யூடியூபில் தேடினால் மூன்று மணி நேரம், ஐந்து மணி நேரம் என்று 'படிக்கும்போது கேட்க' தொகுப்புகள்தான் வருகின்றன. எது எந்தப் படம், எது உண்மையில் இவர் எழுதியது, ஒன்றும் விளங்கவில்லை. நான் பார்த்தது 'ஸ்பிரிட்டட் அவே' மட்டும், அதன் கடைசிப் பாட்டு மிகவும் பிடிக்கும். நூறு பாட்டு வேண்டாம், ஐந்தாறு சொல்லுங்கள். அக்கா மகள் கீபோர்ட் பழகுகிறாள், அவள் வாசிக்கக்கூடியது இருந்தால் அதையும் சொல்லுங்கள். அப்புறம், ரூபவாஹினியில் 'ஒஷின்' என்ற ஜப்பானியத் தொடர் பார்த்த அம்மா அதுவும் இவர் இசைதானா என்று கேட்கச் சொன்னார்.

பழைய கசெட்:
முதலில் அம்மாவுக்கு: இல்லை, ஒஷினுக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை.

உங்களுக்குப் பிடித்த அந்தக் கடைசிப் பாட்டும் இவருடையது இல்லை தம்பி, குறை நினைக்க வேண்டாம். அதற்கு மெட்டமைத்துப் பாடியவர் யூமி கிமுரா என்ற பெண். படம் தொடங்கும்போது, அந்தச் சிறுமி சிஹிரோ காரின் பின் சீட்டில் படுத்திருக்கிற இடத்தில் வருகிற அந்தத் தயங்கித் தயங்கி விழுகிற பியானோ இருக்கிறதே, 'வன் சமர்ஸ் டே', அதுதான் ஹிசாய்ஷி. அந்தத் தொகுப்புகளில் இந்தக் குழப்பம் நிறைய. கிப்லி என்ற ஜப்பானியக் கார்ட்டூன் ஸ்டூடியோவின் படம் என்றாலே இவர் இசை என்று போட்டுவிடுகிறார்கள். 'விஸ்பர் ஒஃப் த ஹார்ட்' யூஜி நோமி, 'கிரேவ் ஒஃப் த ஃபயர்ஃபிளைஸ்' மிச்சியோ மாமியா. மியாசாக்கி இயக்கியவை என்றால், 1984இல் வந்த 'நவுசிக்கா' முதல் 2023இல் வந்த 'த போய் அன்ட் த ஹெரன்' வரை, நீளப் படங்களில் பின்னணி இசை எல்லாம் ஹிசாய்ஷிதான். 1979இல் வந்த 'காக்லியோஸ்ட்ரோ' மட்டும் வேறு ஆள்.

ஐந்தாறு பாட்டு சொல்ல எனக்கு விருப்பமில்லை. பேசாமல் 'ஹவுல்' படத்தை முழுதாகப் பாருங்கள். 2004இல் வந்த படம். ஒரே மெட்டை வைத்துப் படத்தைக் கொண்டுபோகச் சொல்லி மியாசாக்கி கேட்டார், இவர் அதே வால்ஸைத் தனிப் பியானோவில் ஒருவிதமாக, ஹவுலும் சோஃபியும் வானத்தில் நடக்கும்போது முழு ஒர்கெஸ்ட்ராவில் இன்னொரு விதமாக என்று திருப்பித் திருப்பிக் கொண்டுவருகிறார். நீங்கள் பஸ் தரிப்பில் கேட்டது அதன் ஒரு முகம்தான். தனியாகக் கேட்டால் வடிவான மெட்டு, அவ்வளவுதான். படத்தோடு மூன்றாம் தரம் வரும்போதுதான் நெஞ்சில் பிடிக்கும். இளையராஜா ஒரு பாட்டின் மெட்டை எடுத்துப் பின்னணியில் புல்லாங்குழலில் ஒரு இடம், வயலினில் ஒரு இடம் என்று விடுவாரே, அதைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு இது புதிசும் இல்லை.

பெயரைப் பற்றியும் ஒரு சங்கதி. சொந்தப் பெயர் மமோரு ஃபுஜிசாவா, 1950இல் பிறந்தவர். அமெரிக்க இசைக்கலைஞர் குயின்சி ஜோன்ஸ் மேல் இருந்த பிரியத்தில் வைத்துக்கொண்ட பெயர்தான் ஜோ ஹிசாய்ஷி. அந்தப் பெயரின் கான்ஜி (ஜப்பானியச் சித்திர எழுத்து) எழுத்துகளைக் 'குயிசி' என்றும் வாசிக்கலாமாம், ஜோன்ஸ் 'ஜோ' ஆகிவிட்டது.

கொட்டாஞ்சேனை இரவு:
அண்ணா எப்போதும் கிப்லியோடு நின்றுவிடுவார். இவருடைய மற்றப் பக்கம் இயக்குநர் தகேஷி கித்தானோவின் படங்கள். என்னைக் கேட்டால் அதுதான் கூடத் திறம். 1991இல் வந்த 'எ சீன் அட் த சீ' தொடங்கி 2002இல் வந்த 'டோல்ஸ்' வரை ஏழு படம். முதலாவதில் காது கேளாத ஒரு பையன், குப்பை அள்ளுகிற வேலை, தூக்கிப் போட்ட ஒரு சேர்ஃப் பலகையை எடுத்துத் திருத்திக் கடலுக்குப் போகிறான். அவனும் பேசமாட்டான், அவன் காதலியும் பேசமாட்டாள், அப்போ பேசுகிற வேலை பாதி இசைக்குத்தான். மரீன் டிரைவில் தண்டவாளத்துப் பக்கம் கல்லில் இருந்து பின்னேரம் கடலைப் பார்க்கிற ஆட்களுக்கு அந்தப் படம் உடனே விளங்கும்.

'சமர்' என்ற துண்டு நீங்கள் ஏற்கெனவே எங்கேயாவது கேட்டிருப்பீர்கள். 1999இல் வந்த 'கிக்குஜிரோ' படத்தில் வருவது. வயலின் நரம்பை வில் போடாமல் விரலால் சுண்டிக்கொண்டே போக, மேலே பியானோ துள்ளும். சந்தோசமான மெட்டு என்று ஆட்கள் குழந்தை வீடியோ எல்லாவற்றுக்கும் போடுகிறார்கள். படத்தில் அது, தாயைத் தேடிப் போகிற ஒரு பையனும் ஒன்றுக்கும் உதவாத ஒரு ஆளும் போகிற பயணம். பார்த்த பிறகு அந்தத் துள்ளலைச் சும்மா கேட்க முடியாது.

'டிபார்ச்சர்ஸ்' படமும் பாருங்கள். வேலை போன செலோ வாசிப்பாளர் ஒருவர் இறந்தவர்களைக் குளிப்பாட்டி உடுத்தி அனுப்புகிற வேலைக்கு வருகிற கதை. ஒஸ்கார் வாங்கிய படம். இசை முழுக்கச் செலோவைச் சுற்றித்தான்.

கட்டைவிரல் ரீச்சர்:
கீபோர்ட் கேள்விக்கு நான் வருகிறேன். என்னிடம் வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் லண்டன் பரீட்சைத் துண்டுகளை விட்டுவிட்டு இதைத்தான் கேட்கிறார்கள், எனக்கும் மறுக்க மனம் வராது.

தம்பி, மேல் மாடியில் தடக்குகிற பிள்ளையைப் பழி சொல்லாதீர்கள். அந்த வால்ஸில் இடக்கை முதல் அடிக்குக் கீழே பாஸ் சுரத்துக்குப் போய், அடுத்த இரண்டு அடிக்கு மேலே கோர்டுக்கு (சேர்ந்து ஒலிக்கிற சுரங்கள்) வரவேண்டும், விடாமல், பார்க்காமல். அதற்குள் வலக்கையிலும் ஒக்டேவ் (ஒரே சுரம் கீழும் மேலும் சேர்ந்து) வந்துவிடும். 61 கட்டை கீபோர்ட் என்றால் முழு வடிவத்துக்குக் கீழ்ப்பக்கம் காணாது, பெடலும் இல்லாவிட்டால் அது வால்ஸ் இல்லை, படியேறுகிற சத்தம்தான். இலகுவாக்கிய வடிவங்கள் இருக்கின்றன, அதில் தொடங்கட்டும். சின்னப் பிள்ளை என்றால் 'டொட்டோரோ' படத்தின் தொடக்கப் பாட்டு நல்லது, நடைபோடுகிற தாளம். அடுத்தது 'லபூட்டா' படத்தில் வருகிற 'கெரியிங் யூ', வரிகள் மியாசாக்கி எழுதியது, ஜப்பானில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் குழுவாகப் பாடுகிற பாட்டு. மெதுவானது, பாடிக்கொண்டே வாசிக்கலாம். 'வன் சமர்ஸ் டே' நோட்ஸைப் பார்த்தால் கொஞ்சம்தான் இருக்கும், ஆனால் அந்தக் கோர்டுகளை எவ்வளவு மெதுவாக அமர்த்துவது என்பது வளர்ந்தவர்களுக்கே வருவதில்லை. அதை அவசரப்பட்டுக் கொடுக்க வேண்டாம்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். வால்ஸைக் கேட்டு என்னிடம் ஒரு தகப்பன் 'இது கீரவாணி ராகம் ரீச்சர்' என்றார். அதே சுரங்களுள்ள ஹார்மோனிக் மைனர் ஸ்கேல் வருகிற இடங்களில் அந்த வாசம் அடிக்கத்தான் செய்யும், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஹிசாய்ஷியின் சூட்சுமம் ஸ்கேலில் இல்லை, கீழே கோர்ட் மாறுவதில். மெட்டை மட்டும் ஒரு விரலால் வாசித்துப் பாருங்கள், பாதி காணாமல் போய்விடும்.

வெள்ளவத்தை மழை:
எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு 'ஹவுல்' பார்த்து முடித்தேன். அண்ணா சொன்னது சரிதான், வானத்தில் நடக்கிற இடத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அக்கா மகளுக்கு டொட்டோரோ என்று முடிவு, அவளுக்கு அது குழந்தைப் பாட்டாம், கோபம். இன்று 'லபூட்டா' பார்க்கப் போகிறேன். கூட்டாளியிடம் ஆங்கில டப்பிங் இருக்கிறது, அது போதும்தானே?

பழைய கசெட்:
போதாது. அமெரிக்க வெளியீட்டுக்கென்று ஹிசாய்ஷியே உட்கார்ந்து திரும்ப எழுதி நீட்டிய இசை ஒன்று இருக்கிறது, டிஸ்னியின் பழைய ஆங்கில டப்பிங் டிவிடியில் வருவது அதுதான். மூல ஜப்பானியப் படத்தில் இசையே இல்லாமல் காற்றுச் சத்தத்தோடு போகிற இடங்களில்கூட அதில் ஒர்கெஸ்ட்ரா வாசிக்கும். இரண்டாம் தரம் வேண்டுமென்றால் அதைப் பாருங்கள், ஒப்பிட நல்லது. முதல் தரம் ஜப்பான் மொழியில், கீழே எழுத்துப் போட்டுக்கொண்டு. கிடைக்காவிட்டால் சொல்லுங்கள், என்னிடம் டிவிடி இருக்கிறது. பம்பலப்பிட்டிப் பக்கம் வந்தால் தரலாம், ஆனால் திருப்பித் தரவேண்டும்.