ஒரே மனுவில் இரண்டு ‘காரணம்’: எதிர்க்காரணம் என்று பிரிக்கலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்,

கோர்ட்டு ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் பேச்சில், கெடு தாண்டி வந்த மனுவை ஏற்பதற்கு (கண்டனேஷன் ஆஃப் டிலே) ‘தாமத மன்னிப்பு’ சரியா, ‘தாமதம் பொறுத்தல்’ சரியா என்று போன வாரம் பேசிக்கொண்டிருந்தோம். எனக்குப் பொறுத்தல்தான் பிடிக்கிறது, கெடு தாண்டி வருபவர் குற்றவாளி இல்லை. ஆனால் அதைவிடப் பெரிய சிக்கல் ‘காரணம்’ என்ற சொல்லில் இருக்கிறது: ஏன் தாமதம் என்பதற்கும் (காஸ்), உத்தரவில் என்ன தப்பு என்பதற்கும் (கிரவுண்ட்ஸ்) அந்த ஒரே சொல்தான்.

மண்டபம் பக்கம் ஒரு நண்டுக் கம்பெனியில் பல வருஷம் சதை எடுத்த அக்கா ஒருவர், பணிக்கொடை (கிராஜுவிட்டி) கேட்டு, கிடையாது என்று உத்தரவு வந்து, மேல்முறையீட்டை எழுதி எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். அன்றைக்கு 83ஆவது நாள். அப்போது நடப்பில் இருந்த 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டத்தில் (2025 நவம்பரில் அதன் இடத்துக்குச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது) மேல்முறையீட்டுக்கு 60 நாள், போதிய காரணம் காட்டினால் இன்னும் 60 நாள், அதனால் வழி இருந்தது. மனுவைப் பிரித்தால் ‘தாமதத்துக்கான காரணம்’ என்ற இடத்தில் வீட்டுக்காரர் பெரியாஸ்பத்திரியில் கிடந்ததை எழுதியிருந்தார். ‘மேல்முறையீட்டுக் காரணங்கள்’ என்ற இடத்திலும் அதே ஆஸ்பத்திரி விவரம்தான், நீல மையில், இன்னும் கொஞ்சம் விரிவாக. உத்தரவில் என்ன தப்பு என்று ஒரு வரி இல்லை.

தப்பு என்னவோ பளிச்சென்று தெரிந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கம்பெனி மூடிக்கிடக்கும், அந்த நாள்களைக் கழித்துவிட்டு ‘தொடர்ச்சியான பணி இல்லை’ என்று போட்டிருந்தார்கள். பருவகால நிறுவனம் என்றால் அது இயங்கிய நாள்களில் 75 விழுக்காடு வேலை பார்த்திருந்தாலே போதும் என்று அதே சட்டத்தின் 2ஏ பிரிவு சொன்னது. எழுத வேண்டியது அது ஒன்றுதான்.

அதனால் முதலாவது தாமதக் காரணமாகவே இருக்கட்டும், இரண்டாவதுக்கு எதிர்க்காரணம் என்று வைப்போம். எதை எதிர்த்து என்று சொல்லே கேட்கிறது, எழுதுபவர் உத்தரவைத் திரும்ப எடுத்துப் படித்தே ஆக வேண்டும். ‘முகாந்திரம்’ சரிவராது, ‘வழக்குக்கு முகாந்திரம் இருக்கிறது’ என்று பத்திரிகைகளில் அது வேறு பொருளில் ஊறிவிட்டது.

அப்புறம், குறையோடு எழுதிய மனுவை டிஃபெக்டிவ் என்கிறார்களே, அதற்குச் ‘செல்லாத’ வேண்டவே வேண்டாம். உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் கட்டளை 41, விதி 3, ஒழுங்காக எழுதாத முறையீட்டை நிராகரிக்கலாம், திருத்தித் தரச் சொல்லித் திருப்பியும் கொடுக்கலாம் என்கிறது. திருத்தக்கூடியது எப்படிச் செல்லாததாகும்? வல்லத்தில், அதாவது நாட்டுப் படகில், பலகை விட்டுப்போனால் இங்கே பழுது என்போம், பழுது பார்த்து மறுபடி கடலில் இறக்குவோம். ‘பழுதான எதிர்க்காரணம்’ என்றால் அடுத்து என்ன செய்வது என்பதும் சேர்ந்தே புரிகிறது.

அக்காவின் மனுவை அன்று ராத்திரியே மாற்றி எழுதிவிட்டோம். எதிர்மனு, எதிர்வாதம் போல இதையும் எதிராளி தரப்பின் காரணம் என்று எடுத்துக்கொள்வார்களோ என்பது மட்டும் உறுத்துகிறது. தினமும் கோர்ட்டில் நிற்பவர்கள் சொல்லுங்கள்.