ஆர்எக்ஸ் 100: பிஸ்டன் லாக் கிராங்க் கேஸுக்குள் விழுந்துவிட்டது, கேஸைப் பிரிக்காமல் எடுக்க வழி உண்டா?

கரூர்க்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 1994 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100, அப்பா வாங்கியது. ரிங் மாற்றலாம் என்று நானும் மச்சானும் வீட்டுத் திண்ணையிலேயே ஹெட்டையும் போரையும் (சிலிண்டர்) கழட்டினோம். பிஸ்டன் பின்னைத் தள்ளுவதற்காக மச்சான் இடதுபக்க லாக்கை (பின் நழுவாமல் பிடித்திருக்கும் சின்னக் கம்பி வளையம்) மூக்குப் பிளேயரால் பிடித்து இழுத்தார். அது துள்ளி கிராங்க் கேஸ் வாயில் பட்டு 'டிங்' என்றது. அவ்வளவுதான், ஆளைக் காணோம். திண்ணை முழுக்கப் பெருக்கிப் பார்த்தாயிற்று, மச்சான் சட்டைப் பையைக்கூட உதறியாயிற்று. டார்ச் அடித்தால் கிராங்க் தட்டு இரண்டும் கறுப்பு ஆயிலும்தான் தெரிகிறது.

இன்ஜின் இன்னும் ஃபிரேமில்தான் இருக்கிறது. பக்கத்துப் பட்டறையில் கேட்டால், "கேஸைப் பிரிக்காமல் முடியாது, பிரிக்கிறதுதான் பிரிக்கிறோம், ராட் கிட், பேரிங், சீல் எல்லாம் மாற்றிவிடலாம்" என்று ஒரு பெரிய பட்ஜெட் போட்டுக் கொடுக்கிறார்கள். நண்பன் ஒருவன், "அப்படியே மாட்டி ஸ்டார்ட் பண்ணு, சைலன்சர் வழியாக வந்துவிடும்" என்கிறான். இரண்டையும் நம்ப மனம் வரவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

டூஸ்ட்ரோக் தாசன்:

பங்க்சர் கடையில் கம்பிரஸர் இருக்குமே? போருக்கான வாய் வழியாக ஏர் அடித்தால் லாக் பறந்து வந்துவிடும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள் ப்ரோ.

பழைய ஸ்பேனர்:

தம்பி, முதல் வேலையாகக் கிக்கரைக் கழட்டித் தனியே வையுங்கள். வீட்டில் சின்னப் பையன்கள் இருந்தால் கட்டாயம். நிற்கிற வண்டியைக் கண்டால் கிக்கரை மிதிக்காத பையன் கிடையாது. வண்டி நியூட்ரலில் இருக்கட்டும். கியரில் போட்டுத் தள்ளினால் கிராங்க் சுற்றும், அது இப்போது ஆகாது.

சைலன்சர் வழியாக வரும் என்று சொன்ன நண்பர் பாதி சரி. டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸிலிருந்து மேலே போகிற வழி டிரான்ஸ்ஃபர் போர்ட்தான். பெட்ரோல் கலவையோடு லாக்கும் அதில் ஏறும், ஏறி ரிங்குக்கும் போர்ட் விளிம்புக்கும் நடுவில் மாட்டும். ரிங் உடையும், போரில் கோடு விழும். அதற்கு முன்னாலேயே கிராங்க் தட்டுக்கும் சுவருக்கும் இடையில் சிக்கினால் கேஸையே கீறிவிடும். 1985-ல் வந்து 1996-ல் நின்றுபோன வண்டி இது. நல்ல கேஸ் தேடி இனிமேல் பழைய சாமான் கடைகளைத்தான் சுற்ற வேண்டும்.

தாசன் சொன்ன ஏரும் வேண்டாம். கிராங்குக்கு இரண்டு பக்கமும் மெயின் பேரிங் இருக்கிறது. காற்று லாக்கை வெளியே தள்ளுமா, பேரிங்கில் கொண்டுபோய்ச் சொருகுமா என்று யார் பார்த்தது?

டூ ஸ்ட்ரோக் கிராங்க் கேஸ் குறுகலாகத்தான் இருக்கும். கலவையை அங்கேதான் அழுத்தி மேலே அனுப்ப வேண்டும் என்பதால் காலி இடமே விடமாட்டார்கள். நமக்கு அது நல்லதுதான். லாக் ஒளிய இடம் இரண்டே. ஒன்று, இரண்டு தட்டுக்கும் நடுவில் ராட் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) ஆடுகிற பள்ளம். இன்னொன்று, தட்டுக்கும் கேஸ் சுவருக்கும் இடையிலுள்ள சந்து.

இப்போது வேலை. வாயில் துணி வைத்து அடைத்துவிட்டுப் பிஸ்டனைக் கழட்டி எடுங்கள். பனியன் வேஸ்ட் வைக்காதீர்கள், நூல் பிரிந்து உள்ளே போகும். பழைய வேட்டித் துணி நல்லது. கழட்டிய பிறகு துணியை எடுத்துவிட்டு, பிக் எண்ட் (ராடின் கீழ் முனை) மேலே வரும்படி கிராங்கை நிறுத்துங்கள். அப்போது தட்டுகளுக்கு நடுவே கீழ்ப்பக்கம் காலியாக இருக்கும், ராடுக்கு முன்னும் பின்னும் கம்பி விட இடம் கிடைக்கும்.

லாக் ஸ்பிரிங் ஸ்டீல், காந்தம் பிடிக்கும். கேஸ் அலுமினியம், பிடிக்காது. தொல்லை என்னவென்றால் கிராங்கும் ராடும் ஸ்டீல். ஹார்ட்வேர் கடையில் விற்கிற காந்தப் பேனாவை உள்ளே விட்டால் லாக்கை விட்டுவிட்டுத் தட்டில் போய் அப்பிக்கொள்ளும். நான் செய்வது இதுதான். பழைய சைக்கிள் போக்ஸ் கம்பி ஒன்று எடுங்கள் (ஸ்டெயின்லெஸ் கம்பி வேண்டாம்). நுனியை நகக்கண் அளவு வளையுங்கள். வயர் ஸ்லீவைக் கம்பி மேல் ஏற்றி நுனி மட்டும் வெளியே தெரிய விடுங்கள். மேல் முனையில் சின்னதாக, ஆனால் வலுவான காந்தம் ஒன்றை ஒட்டினால் நுனிவரை காந்தம் இறங்கும். தட்டில் ஒட்டுகிற அளவு பலம் இருக்காது, லாக்கைத் தூக்கப் போதும். அவசரப்படாமல் சுவரை ஒட்டியே துழாவுங்கள்.

அகப்படவில்லை என்றால் ஒரு டம்ளர் டீசல் ஊற்றுங்கள். மண்ணெண்ணெய் இப்போது எங்கே கிடைக்கிறது? அடியில் இருக்கிற கெட்டி ஆயில்தான் லாக்கைப் பிடித்து வைத்திருக்கும், டீசல் அதைக் கரைத்துவிடும். பிறகு மேக்னெட் கவரைத் திறந்து, மேக்னெட்டைக் (கிராங்க் முனையில் மின்சாரத்துக்காகச் சுற்றும் சக்கரம்) கையால் பிடித்து மெதுவாகத் திருப்புங்கள். இன்னொரு கை ராடை நிமிர்த்திப் பிடித்திருக்கட்டும், இல்லையென்றால் கேஸ் வாயில் இடிக்கும். கடுகளவு தடை விரலுக்குத் தெரிந்தாலும் நிறுத்தி எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். இதில் மட்டும் முரட்டுத்தனம் கூடாது.

அதற்கும் வரவில்லை என்றால் கியர் ஆயிலை வடித்துவிட்டு இன்ஜினை இறக்குங்கள். சின்ன இன்ஜின்தான், இரண்டு பேர் இருந்தால் சிரமமில்லை. கீழே வெள்ளைத் துணி விரித்து, வாய் தரையைப் பார்க்கும்படி கவிழ்த்துப் பிடித்து, கிராங்கைத் திருப்பித் திருப்பி ரப்பர் சுத்தியால் தட்டுங்கள். கேஸைப் பிரிப்பது அதற்கும் அப்பால்.

நாமக்கல் ராஜா:

நல்ல விளக்கம் அண்ணே. ஃபோர் ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஸ்ப்ளெண்டர் மாதிரி வண்டியில் டாப்பெட் (வால்வு இடைவெளி) பார்க்கும்போது நட் விழுந்தால் அது பெரும்பாலும் ஹெட்டிலேயே கிடக்கும், இல்லை டைமிங் செயின் சந்து வழியாகக் கீழே இறங்கியிருக்கும்.

எனக்கு நேர்ந்தது வேறு. பிளக் கழட்டும்போது பீங்கான் உடைந்து ஒரு சில்லு பிளக் ஓட்டை வழியாகச் சிலிண்டருக்குள் போய்விட்டது. பீங்கானைக் காந்தம் சீண்டாது. மீன் தொட்டி டியூபை வேக்குவம் கிளீனர் வாயில் டேப் சுற்றி ஒட்டி, பிளக் ஓட்டை வழியே விட்டு உறிஞ்சினேன். ஸ்ப்ளெண்டரில் சிலிண்டர் கிட்டத்தட்டப் படுத்தவாக்கில் இருப்பதால் சில்லு அடிச்சுவரில் கிடந்தது, டியூபின் நுனியை லேசாக வளைத்த பிறகுதான் எட்டியது. உடைந்த பிளக்கோடு பொருத்திப் பார்த்து, எல்லாத் துண்டும் வந்துவிட்டதா என்று உறுதி செய்த பிறகே கிக்கரைத் தொட்டேன்.

போனில் மாட்டுகிற எண்டோஸ்கோப் கேமரா இப்போது ஆன்லைனில் மலிவாகவே கிடைக்கிறது. அதையும் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

கரூர்க்காரன்:

பழைய ஸ்பேனர் அண்ணே, லாக் வந்துவிட்டது!

காந்தக் கம்பிக்கு முதலில் எதுவும் அகப்படவில்லை, இரும்புத்தூள் மாதிரி கொஞ்சம் கறுப்பு மட்டும் ஒட்டி வந்தது. டீசல் ஊற்றி ஊறவைத்து, நான் மேக்னெட்டைப் பிடித்துத் திருப்ப, மச்சான் டார்ச்சோடு குனிந்திருந்தார். கால் சுற்று போயிருக்கும். "நிறுத்து, நிறுத்து" என்று கத்தினார். கிளட்ச் பக்கத் தட்டின் வெளிப்புறத்தில் ஆயிலோடு ஒட்டிக்கொண்டு தட்டோடு சேர்ந்தே மேலே வந்திருக்கிறது. விளிம்பில் ஒரு முனை மட்டும் மினுங்கியது. கம்பி நுனியைக் காட்டியதும் டக்கென்று ஒட்டிக்கொண்டது. வலதுபக்க லாக்கோடு வைத்துப் பார்த்தோம், முழுசாக இருக்கிறது, முனை எதுவும் உடையவில்லை.

இரண்டு சந்தேகம். இதே லாக்கை மறுபடி போடலாமா? போருக்கு அடியில் வருகிற பேக்கிங்குக்கு அனபாண்ட் (கசிவை அடைக்கும் பசை) தடவச் சொல்கிறார்கள், தடவலாமா?

பழைய ஸ்பேனர்:

மச்சான் கண்ணுக்கு ஒரு சபாஷ்.

பழைய லாக் வேண்டவே வேண்டாம். ஒருமுறை வளைந்து வெளியே வந்தால் இழுவிசை போய்விடும். இரண்டு பக்கமும் புதுசு போடுங்கள், சில்லறைக் காசுதான். லாக்கின் வாய் நேர் மேலேயோ நேர் கீழேயோ இருக்க வேண்டும். பிஸ்டன் மேலும் கீழும் உதறுகிற வேகத்தில், பக்கவாட்டில் வாய் வைத்த லாக் சுருங்கிக் கழன்றுவிடும். லாக் எடுப்பதற்காகப் பிஸ்டனில் ஒரு வெட்டு இருக்கும் பாருங்கள், அதற்கு நேராகவும் வாய் வரக்கூடாது. மாட்டும்போது வேட்டித் துணி மறுபடி வாயில் இருக்கட்டும்.

புதுப் பேக்கிங்கைக் காய்ந்தபடியே வையுங்கள். அனபாண்ட் தடவினால் பிதுங்குவது டிரான்ஸ்ஃபர் வழிக்குள்தான் பிதுங்கும், பிறகு துண்டு துண்டாகப் பெயர்ந்து உள்ளே விழும்.

டீசலை ஊசி போடுகிற சிரிஞ்சால் முழுக்க உறிஞ்சி எடுங்கள். பிக் எண்டிலும் இரண்டு பக்கப் பேரிங்கிலும் 2டி ஆயிலை (டூ ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்) தாராளமாக விட்டு, கையால் சில சுற்று சுற்றுங்கள். ஸ்டார்ட் பண்ணியதும் கொஞ்ச நேரம் புகை அதிகமாக வரும், பயப்பட வேண்டாம்.

பிஸ்டன் தலையில் இருக்கிற அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும். ரிங் பள்ளத்தில் ஒரு சின்ன ஊசி இருக்கும், ரிங் வாய் அதில்தான் உட்கார வேண்டும். போரை இறக்குமுன் இரண்டு ரிங்கையும் விரலால் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.