தொட்டிலை எப்படி விட வைக்கிறது? 2 வயசு 3 மாசம், புது வீட்டில் கொக்கி கிடையாது

கரிசல்காட்டான் (கேள்வி)

மணி ராத்திரி 2:50. இப்பத்தான் மகளைப் படுக்க வச்சிட்டு வந்து உட்கார்ந்திருக்கேன். தோள்பட்டை ரெண்டும் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது.

மகளுக்கு 2 வயசு 3 மாசம், எடை 12.3 கிலோ. பிறந்து பதினோராம் நாள்ல இருந்து தொட்டில்லதான் தூக்கம். (சென்னைக்காரங்களுக்குத் தூளி. கோயம்புத்தூர் வந்து பாத்தா இங்க தூரிங்கறாங்க.) எங்க கோவில்பட்டி வீடு தாத்தா கட்டுனது. நடுவீட்டு உத்தரத்துல எங்க அப்பாவுக்காக அடிச்ச இரும்பு வளையம் இன்னும் கிடக்கு. அப்பாவுக்கப்புறம் நான், என் தங்கச்சி, இப்ப இவ. வளையத்துல சங்கிலி, சங்கிலியில மாமியாரோட பழைய சுங்குடிச் சேலை, சேலை விரிஞ்சு நிக்க நடுவுல ஒரு கட்டை. அவ்வளவுதான் மொத்த சாமானும். ஆட்டுறதுக்கு ஆளுக்கும் பஞ்சமில்ல. எங்க அம்மா கயித்து நுனியைக் கால் பெருவிரல்ல மாட்டிக்கிட்டு, பூண்டு உரிச்சுக்கிட்டே, சீரியலும் பாத்துக்கிட்டே ஆட்டிருவாங்க.

மூணு மாசம் முன்னாடி மனைவிக்கு பேங்க்ல கோவைக்கு மாற்றல். நான் புத்தகங்களுக்கு லேஅவுட் செய்றவன், எங்க இருந்தும் வேலை பாக்கலாம். அதனால பகல்ல பிள்ளை என் பொறுப்பு. சிங்காநல்லூர்ல ஒரு மாடி வீடு. மேல பூராவும் பிஓபி சீலிங். ஓனர் சாவியைக் கையில கொடுக்கும்போதே "ஒரு ஆணி கூட அடிக்கப்படாதுங்க" அப்படின்னுட்டார்.

முதல்ல கடையில இரும்பு ஸ்டாண்டு வாங்கினோம். ஆட்டுற ஆட்டுல அது படுக்கையறையில கிளம்பி ஹாலுக்கு நடந்து வருது. அடுத்து சேலையை என் தோள்ல குறுக்கா கட்டி, உள்ள அவளைப் போட்டு நடந்தேன். இப்ப அந்த உத்தரம் நான்தான். ஒரு நாள் யோசனை வந்து, ஜிம்காரங்க வாசக்கால்ல மாட்டித் தொங்குவாங்களே, அந்தக் கம்பி வாங்கி மாட்டினேன். அட்டையில 100 கிலோ தாங்கும்னு போட்டிருந்துச்சு. மூணு ராத்திரி தாங்குச்சு. நாலாம் ராத்திரி கம்பி சறுக்கி, தொட்டிலோட பொத்துன்னு இறங்கிட்டா. முக்கால் அடி உயரம்தான், கீழ மனைவி ரெண்டு தலையணை போட்டு வச்சிருந்தா. எனக்குக் கை கால் எல்லாம் ஓடல. இவ சேலைக்குள்ள இருந்து தலையை நீட்டி, "இன்னொக்கா" ன்னா.

கம்பியைக் கழட்டிப் பரண்ல போட்டாச்சு. மறுபடியும் தோள்தான். ராத்திரி 9 மணிக்கு ஒரு முக்கால் மணி நேரம். அப்புறம் 12 மணி, 2 மணி, 4 மணி. பாய்ல வச்ச அடுத்த நிமிஷம் கண்ணைத் திறந்து "ஆட்டு" ங்கறா.

எனக்குத் தாலாட்டெல்லாம் வராது. ரயில் ஸ்டேஷன் பேர் சொல்லித்தான் தூங்க வைப்பேன். கோவில்பட்டி, நல்லி, சாத்தூர், துலுக்கப்பட்டி, விருதுநகர், கள்ளிக்குடி, திருமங்கலம், திருப்பரங்குன்றம், மதுரை. ஊர்ல இருந்தப்ப விருதுநகர் தாண்ட மாட்டா. இப்ப மதுரைக்கே மூணு தடவை போயிட்டு வர வேண்டியிருக்கு. நடுவுல ஒண்ணை விட்டுட்டா கண்ணை மூடிக்கிட்டே "கல்லிக்குடி?" ன்னு கேட்பா. எரிச்சலா வந்தாலும் அந்த இடத்துல சிரிச்சிருவேன்.

கேள்வி இதுதான். ஒரே நாள்ல நிறுத்தணுமா, கொஞ்சம் கொஞ்சமாவா? "நாலு நாள் அழவிடுங்க, சரியாயிரும்" ங்கறவங்க தயவுசெஞ்சு வேண்டாம். கீழ் வீட்ல பிளஸ் டூ படிக்கிற பையன் இருக்கான்.

ரெண்டு வால் அம்மா

எனக்கு ரெண்டும் தூளிப் பிள்ளைங்க. பெரியவனுக்கு ஒரே நாள்ல நிறுத்தினேன், ஏன்னா ஸ்பிரிங் அறுந்துடுச்சு. ஒன்பது நாள் வீடு நரகம். சின்னவளுக்குப் புத்தி வந்து மெதுவா நிறுத்தினேன்.

உங்க பொண்ணு ராத்திரி மூணு தடவை எழுந்திருக்கிறது அடம் இல்லங்க. நாம எல்லாருமே தூக்கத்துல ஒரு சுற்று முடிஞ்சு அடுத்த சுற்று தொடங்கும்போது லேசா முழிக்கிறோம். தலையணையைத் திருப்பிப் போட்டுட்டுத் தூங்கிடறோம், காலையில ஞாபகம் கூட இருக்காது. குழந்தைங்களுக்கு இந்தச் சுற்று இன்னும் சின்னது. அவ கண்ணை மூடும்போது அப்பா தோள்ல ஆடிட்டிருந்தா, கண்ணைத் திறக்கும்போது அசையாத தரை. நீங்க கட்டில்ல படுத்து, முழிக்கும்போது வராண்டாவில கிடந்தா கத்த மாட்டீங்களா?

அதனால ஆட்டுறதை இல்ல, *தூங்கி முடிக்கிற வரைக்கும்* ஆட்டுறதை நிறுத்துங்க. கண்ணு சொருகும்போதே பாய்ல இறக்கிடுங்க. எழுந்தா மறுபடி தூக்குங்க, ஆட்டுங்க, இறக்குங்க. முதல் நாள் நான் பதினாலு தடவை இறக்கினேன். அஞ்சாம் நாள் நாலு தடவை. ராத்திரியில ஆரம்பிங்க, மதியத் தூக்கத்துல கை வைக்காதீங்க. பகல்ல தூக்க அசதி குறைவு, ரெண்டு பேரும் தோத்துப் போயிடுவீங்க. மதியம் 4 மணிக்கு மேல தூங்கவும் விடாதீங்க. இந்த வயசுக்கு ஒரு நாளைக்கு 11ல இருந்து 14 மணி நேரம், மதியத் தூக்கத்தையும் சேர்த்துத்தான். அஞ்சரை வரைக்கும் தூங்க விட்டா ஒன்பது மணிக்கு எப்படித் தூக்கம் வரும்?

காரைக்குடி ஆச்சி

தம்பி, முதல்ல அந்தக் கம்பியைப் பரணிலிருந்து எடுத்துப் பழைய இரும்புக்குப் போடுங்கள். இருந்தால் மறுபடி மாட்டத் தோன்றும். ஓடியாடும் பிள்ளைக்கு வீட்டில் சேலை தொங்கவே கூடாது. பகலில் அதுவே ஊஞ்சலாகி, முறுக்கிச் சுற்றிக் கழுத்தில் இறுகிய கதைகளைப் பேப்பரில் படிக்கிறோம் அல்லவா.

நான் மூன்று பேரப் பிள்ளைகளைத் தொட்டிலிலிருந்து இறக்கியவள். தொட்டிலில் ஆட்டம் மட்டுமா இருக்கிறது? நாலு பக்கமும் துணி உடம்பை அணைத்துப் பிடிக்கிறது. பாயில் போட்டால் பிள்ளைக்கு நடுக்காட்டில் விட்டது போல. அதே சுங்குடிச் சேலையை நாலாக மடித்துப் பாயில் விரியுங்கள். ஓரத்தைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிவிடுங்கள், உதறி எடுக்க முடியாதபடி. துவைக்க வேண்டாம், அந்த வாசனைதான் முக்கியம். ரெண்டு பக்கமும் நீளத் தலையணை. நீங்கள் பக்கத்தில் படுத்துக்கொண்டு, புட்டத்தில் தட்டுங்கள். முதுகில் இல்லை, புட்டத்தில். தட்டுகிற தட்டில் உடம்பு லேசாக ஆடும், அதுவே தொட்டில்.

ஸ்டேஷன் பேரை விடாதீர்கள். அதுவும் தாலாட்டுத்தான்.

நெல்லைச்சீமை

ஒத்தப் பிள்ளையத் தூங்கப் போட இம்புட்டு ஆராய்ச்சியா? எங்க அம்மா ஏழு பெத்தா. ஒரு பாய், ஒரு போர்வை, விளக்க அணைச்சா அம்புட்டுதான். ஆம்பளை வீட்ல இருந்தா இப்படித்தான் யோசிக்கத் தோணும்.

வார்டு நைட்டு

நான் குழந்தைகள் வார்டுல நர்ஸ். டாக்டர் இல்ல, அதை மனசுல வச்சுப் படிங்க. தூளி பத்தி மேல சொன்னதே போதும். எனக்கு வேற மூணு கேள்வி.

ஒண்ணு, பால் எவ்வளவு குடிக்கிறா? ராத்திரி பாட்டில் உண்டா? ரெண்டு, வாய்க்குள்ள கடைசிப் பல் வருதான்னு பாத்தீங்களா? ரெண்டாவது கடைவாய்ப் பல் 23 மாசத்துல இருந்து 33 மாசத்துக்குள்ள வரும், சரியா உங்க பொண்ணு வயசு. விரலைக் கழுவிட்டு ஈறைத் தடவிப் பாருங்க. மூணு, வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்குறாளா, குறட்டை விடுறாளா? விட்டா காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட காட்டணும், தூளியைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்ல.

கரிசல்காட்டான்

நெல்லைச்சீமை அண்ணாச்சி, உங்க அம்மாகிட்ட ஒரு தடவை கேட்டுப் பாருங்க, விளக்கை அணைச்சதும் ஏழும் தூங்குச்சான்னு. நீங்க தூங்கியிருப்பீங்க, அதனால உங்களுக்குத் தெரியாது.

ஆச்சி, கம்பி போயிருச்சு. 60 ரூபா கொடுத்தான்.

சிஸ்டர், குறட்டை இல்ல. ஈறு கீழ்ப் பக்கம் தடிப்பா இருக்கு, என் விரலை நல்லாவே கடிச்சா. பால்தான் சொல்ல வெக்கமா இருக்கு. காலையில 250, சாயங்காலம் 250, ராத்திரி 2 மணிக்கு பாட்டில்ல 250. சோறு வாயில வைக்கவே மாட்டா, பாலாவது குடிக்கட்டுமேன்னு விட்டுட்டோம்.

வார்டு நைட்டு

நினைச்சேன். முக்கால் லிட்டர் பால் குடிச்ச வயித்துல சோத்துக்கு இடம் எங்க? இந்த வயசுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல வேண்டாம். பால்ல இரும்புச் சத்து ரொம்பக் கம்மி, சோறு கீரை முட்டைக்கான பசியையும் அது கொன்னுடும். இரும்புச் சத்து குறைஞ்ச குழந்தைங்க ராத்திரி காலை உதைச்சுக்கிட்டு, புரண்டு புரண்டு தூங்கும். ஒரு தடவை ஹீமோகுளோபின் பாத்துடுங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துலயே பாப்பாங்க. 6 மாசத்துல இருந்து 5 வயசு வரைக்கும் வாரத்துக்கு ரெண்டு நாள் 1 மில்லி இரும்புச் சத்து சிரப்பு அரசாங்கமே கொடுக்குது. அங்கன்வாடியில கேளுங்க, குடற்புழு மாத்திரையும் அங்கதான். பேங்க் வேலைக்காரங்க பாதிப் பேர் அங்கன்வாடிப் பக்கமே போறதில்ல.

2 மணி பாலை ஒரே நாள்ல வெட்டாதீங்க. ரெண்டு நாளைக்கு ஒரு தடவை 30 மில்லி குறைச்சுட்டே வாங்க. கடைசியில டம்ளர்ல தண்ணி. பாட்டிலை வாயில வச்சுக்கிட்டே தூங்கினா முன்பல் நாலும் கரையும்.

கிள்ளான் அப்பா

வணக்கம், மலேசியாவிலிருந்து. இங்கே மலாய்க்காரர், தமிழர் இரண்டு பேர் வீட்டிலும் ஸ்பிரிங் தொட்டில்தான், துணி மட்டும் சாரோங். என் மகன் மூன்று வயது வரை அதில்தான். ஒரு நாள் அவனே "இது பேபிக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கினான். அதுவரை நாங்கள் ஒன்றும் செய்யவில்லை. உங்களுக்கு உதவாத பதில்தான், ஆனால் நடந்தது இதுதான்.

கரிசல்காட்டான்

மூணு வாரம் கழிச்சு வர்றேன்.

ஹீமோகுளோபின் 10.1. 11க்கு மேல இருக்கணுமாம். சிரப்பு எழுதிக் கொடுத்திருக்காங்க. ரெண்டாம் நாள் ஆய் கறுப்பா போனதும் பதறி டாக்டருக்கு போன் போட்டேன். அப்படித்தான் போகும்னு சிரிக்கிறார். அதை முன்னாடியே சொல்லியிருக்கலாம். பால் குறைஞ்ச ஒரு வாரத்துல, உலக அதிசயமா, சட்டியில இருந்த கருவாட்டுக் குழம்பைக் கையைக் காட்டிக் கேட்டா. ஆத்தா, கோவில்பட்டி ரத்தம்ல!

தூக்கம். முதல் ராத்திரி இருபத்திரண்டு தடவை தூக்கி இறக்கினேன். ரெண்டு வால் அம்மா கணக்கை விட எட்டு அதிகம். மூணாம் நாள் நானே உடைஞ்சு போயி, வேலையை முடிச்சுக் கொடுக்க வேண்டிய அவசரத்துல, தோள்லயே தூங்க வச்சிட்டேன். மனைவி ஒண்ணும் சொல்லல, ஒரு பார்வை மட்டும் பாத்தா. ஆறாம் நாள் ஆச்சி சொன்ன மாதிரி சேலையை விரிச்சு, தலையணை போட்டு, புட்டத்துல தட்ட ஆரம்பிச்சோம். அதுதான் எடுபட்டுச்சு. இப்ப தூக்குறதே இல்ல. 12 மணி முழிப்பு நின்னுருச்சு. 2 மணிக்கு எழுந்து ரெண்டு மடக்குத் தண்ணி குடிச்சிட்டுப் படுத்துக்கிறா. 4 மணி மட்டும் அப்படியே இருக்கு. பல் இன்னும் முழுசா வெளிய வரல, அதோட வேலையா இருக்கலாம்.

ஒரு விஷயம் சொல்லணும். முந்தாநாள் அவ தானா தூங்கினா. நான் சும்மா பக்கத்துல கிடந்தேன். கை தட்டுறதுக்குப் போயி, தட்ட ஒண்ணுமில்லாம அந்தரத்துல நின்னுச்சு. தோள்வலி போயிருச்சு. ஆனா 12.3 கிலோவைச் சுமந்துக்கிட்டு நடந்த அந்த முக்கால் மணி நேரத்துல காதோரம் ஒரு மூச்சுச் சூடு இருக்கும், அதுவும் போயிருச்சு.

இப்பப் புதுப் பிரச்சனை. ஆட்டம் இல்லாததால தூங்க நேரமாகுது, மதுரை வந்தப்புறமும் "அப்பறம்?" ங்கறா. கூடல்நகர், சமயநல்லூர், சோழவந்தான், வாடிப்பட்டி, கொடைரோடு, அம்பாத்துரை, திண்டுக்கல் வரைக்கும் மனப்பாடம் பண்ணி வச்சிருக்கேன். நேத்து திண்டுக்கல்லயும் முழிச்சிருந்தா. அதுக்கு மேல திருச்சி போற வழியில யாராவது ஸ்டேஷன் பேர் சொல்லுங்க.

ரெண்டு வால் அம்மா

எங்க வீட்டுக்காரர் ரயில்வே, கேட்டுச் சொல்றேன். தாமரைப்பாடி, வடமதுரை, அய்யலூர், வையம்பட்டி, மணப்பாறை. மணப்பாறையிலயும் முழிச்சிருந்தா எழுப்பி உட்கார வச்சு முறுக்கு கொடுத்துடுங்க.