புழு மெலிகிறது, குடலில் நொதி கூடுகிறது: விளக்கம் தேவை

அனைவருக்கும் வணக்கம். முதுகலை ஆய்வுக்காக, கொண்டைக்கடலையின் இரண்டு ரகங்களைப் பச்சைக் காய்ப்புழுவுக்கு உணவாகக் கொடுத்து, அதன் செரிமானம் எவ்வாறு மாறுகிறது என்று பார்த்து வருகிறேன்.

விதையிலுள்ள டிரிப்சின் தடுப்பான் புரதங்கள் புழுவின் நடுக்குடலில் உள்ள டிரிப்சின் என்னும் புரதச் செரிமான நொதிகளைப் பற்றிக்கொள்வதால், தின்ற புரதம் அமினோ அமிலங்களாக உடையாமல் வீணாகிறது. ஆகவே தடுப்பான் மிகுந்த ரகத்தில் நொதியின் செயல்பாடு குறையும் என்று எதிர்பார்த்தேன். நடந்தது நேர்மாறு. அந்த ரகத்தைத் தின்ற ஐந்தாம் பருவப் புழுக்கள் மெலிந்திருந்தும், பனிக்கட்டியின் மேல் வைத்து அறுத்தெடுத்த அவற்றின் குடல் சாற்றில், நொதியின் செயல்பாட்டைக் காட்டும் மஞ்சள் நிறம் மற்ற ரகத்தைத் தின்றவற்றைவிட விரைவாகவே ஏறுகிறது.

தடுப்பானுக்கு அடங்காத வேறு டிரிப்சின்களைச் சுரந்து புழு ஈடுகட்டுகிறது, அந்தச் சுரப்புக்கே அமினோ அமிலங்களைச் செலவழித்து எடை இழக்கிறது என்பது என் ஊகம். ஆனால் குறைவாகத் தின்றாலும் புழு மெலியுமே! தின்ற உணவையும் எச்சத்தையும் உலர்எடையில் நிறுத்தால் இவ்விரண்டையும் பிரித்தறிய முடியுமா? குடல் சாற்றில் சோயா மொச்சையின் குனிட்ஸ் தடுப்பானைச் சேர்த்து, எஞ்சும் செயல்பாட்டை அளந்தால் அது போதிய சான்றாகுமா?

இப்புழுவின் குடல் வலுவான காரத்தன்மை உடையது என்பதால் பிஎச் 10-இல் அளந்தேன். பயறு வண்டில் பணியாற்றியவர்களின் முறை இங்கே அப்படியே பொருந்தாது. அதன் குடலில் அமிலச் சூழலில் இயங்கும் சிஸ்டீன் வகை நொதிகளே முதன்மையானவை. காய்ப்புழுவில் நேரடி அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாவேன்.